நூலில் எழுந்த நல்லாயன்

கலை என்றவுடன் நம் உள்ளத்தில் சிற்பமும் ஓவியமும் எழுகின்றன. இசையும் கூத்தும் எழுகின்றன. தையல் ஊசி எழுவதில்லை. ஊசியும் நூலும் வீட்டு அலமாரியின் மூலையில் கிடக்கும் தகரப் பெட்டிக்கு உரியவை. கிழிந்ததை ஒட்டவும், ஓய்ந்த பொழுதில் தலையணை உறையில் ஒரு பூவைப் போடவும் உதவுபவை என்றே எண்ணிப் பழகிவிட்டோம். ஆயினும் கடந்த அறுபது ஆண்டுகளில் உலகின் பெரிய கலைக்கூடங்கள் நூலால் ஆன உருவங்களுக்குத் தம் வாயில்களைத் திறந்துள்ளன. துணிமேல் படுத்திருந்த பூவேலை இன்று எழுந்து நிற்கிறது. நீளமும் அகலமும் மட்டுமே கொண்டிருந்த அது உயரமும் பெற்றுச் சிற்பத்தின் அருகில் வந்து அமர்ந்திருக்கிறது.

ஆலங்குளம் வட்டாரத்தில் வாழும் நமக்கு இச்செய்தி தொலைவானதாகத் தோன்றலாம். சிமெண்ட் ஆலையால் பெயர் பெற்ற ஊர் இது. ஒரு பக்கம் சிவகாசியின் தீப்பெட்டியும் பட்டாசும். மறுபக்கம் இராசபாளையத்தின் நூற்பாலைகளும் சத்திரப்பட்டியின் மருத்துவக் கட்டுத்துணித் தறிகளும். நமக்கு நூல் என்பது ஆலைக் கூலியாகவும், புண்ணைக் கட்டும் துணியாகவும், பட்டாசின் திரியாகவுமே அறிமுகம். அதே நூல் கலையாகவும் வழிபாடாகவும் நின்ற வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றில் திருஅவைக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பங்கில் ஒரு கடனும் உண்டு. அதனைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

துணியை விட்டு எழும் நூல்

முப்பரிமாணப் பூவேலை என்பது யாது? பெயர் புதிது, முறை பழையது. துணியை மரச்சட்டத்தில் முரசுத் தோல்போல் இழுத்துக் கட்டுவர். உருவத்தின் கோட்டை வரைந்தபின், எந்த இடம் மேடாக எழவேண்டுமோ அந்த இடத்தில் பருத்தி நூலை அடுக்கடுக்காகத் தைத்து உயர்த்துவர். சிலர் பஞ்சையும் கம்பளித் துணியையும் உள்ளே வைத்துத் தைப்பர். சிலர் மெல்லிய கம்பியை வளைத்து இதழாகவும் இறகாகவும் நிறுத்துவர். இவ்வாறு எழுந்த மேட்டின்மேல் பட்டு நூலோ பொற்சரிகையோ கொண்டு மூடுவர். கன்னம் மேடாகவும் கண்ணோரம் பள்ளமாகவும் அமைய, ஒளியும் நிழலும் தாமே வந்து சேரும். ஓவியன் வண்ணத்தால் காட்டும் நிழலைப் பூவேலைக்காரர் உண்மையான நிழலாகவே விழச் செய்கிறார். இதுவே இக்கலையின் தனிச்சிறப்பு.

இன்று கணினி பூட்டிய தையல் இயந்திரங்களும் மேடான பூவேலையைச் செய்கின்றன. துணிமேல் ஒரு ரப்பர் நுரைத் தகட்டை வைத்து, அதன்மேல் நெருக்கமாகத் தைத்துச் செல்லும். சில நிமிடங்களில் எழுத்தும் சின்னமும் புடைத்து எழும். தொப்பிகளிலும் சட்டைகளிலும் நாம் காண்பவை பெரும்பாலும் இவ்வகையே. இயந்திரம் தரும் மேடு எங்கும் ஒரே அளவினது. கையால் தைப்பவரோ ஒவ்வோர் இழைக்கும் ஒரு முடிவு எடுக்கிறார்: இன்னும் ஓர் அடுக்கு வேண்டுமா, இந்த இடத்தில் நிறுத்திவிடலாமா என்று. முடிவுகளின் இந்த நீண்ட தொடரிலேதான் கலை பிறக்கிறது.

ஆரோனின் அங்கி

விவிலியத்தைத் திறப்போர் இக்கலையின் மிகப் பழைய சான்று ஒன்றை அங்கே காணலாம். விடுதலைப் பயண நூலின் 28ஆம் அதிகாரம் தலைமைக் குரு ஆரோனின் திருவுடைகளை விரித்துரைக்கிறது. நீல அங்கியின் கீழ் விளிம்பைச் சுற்றிலும் நீலம், கருஞ்சிவப்பு, சிவப்பு ஆகிய நூல்களால் மாதுளம்பழங்கள் செய்து, அவற்றின் இடையிடையே பொன்மணிகள் தொங்கவிடவேண்டும் என்பது அங்குள்ள கட்டளை. நூலால் ஆன பழம்! துணியில் வரைந்த பழமாக அன்றி, விளிம்பில் தொங்கும் பழமாகவே அதனை நாம் எண்ணத் தோன்றுகிறது.

அந்நூலின் 35ஆம் அதிகாரம் இன்னும் ஆழமான செய்தியைத் தருகிறது. பெட்சலேலைக் கடவுள் பெயர் சொல்லி அழைக்கிறார்; ஒகோலியாபையும் அவருடன் சேர்க்கிறார். கல் வெட்டவும் மரம் செதுக்கவும் பூவேலை செய்யவும் நெய்யவும் வேண்டிய திறனைத் தருகிறார். விவிலியத்தில் கடவுளின் ஆவி ஒரு மனிதனை நிரப்பியது என்று வரும் முதல் இடங்களில் இதுவும் ஒன்று. போர்வீரனுக்கோ அரசனுக்கோ முன்னர், கைவினைஞனுக்கு அது வாய்த்தது. கைத்திறன் வாய்ந்த பெண்கள் தம் கைகளால் நூற்றுக் கொண்டுவந்ததும் அதே அதிகாரத்தில் இடம்பெறுகிறது. கலை மேல், கைத்தொழில் கீழ் என்னும் பாகுபாடு அந்தப் பக்கங்களில் இல்லை. அது பிற்காலத்து மக்கள் வகுத்தது.

பீடத்தை நோக்கிய முதுகு

மத்திய கால ஐரோப்பாவில் பூவேலை ஓவியத்திற்கு இணையாகப் போற்றப்பட்டது. விலையில் சிலவேளை ஓவியத்தையும் விஞ்சியது. பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் பட்டறைகளில் உருவான பூவேலை ‘ஓப்புஸ் ஆங்க்லிக்கானும்’, அதாவது ‘ஆங்கிலேய வேலைப்பாடு’ என்னும் பெயருடன் திருத்தந்தையர் வரை எட்டியது. 1246இல் திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட் ஆங்கிலக் குருக்களின் பொன்னிழைத் திருவுடைகளைக் கண்டு வியந்து, அவை எங்குச் செய்யப்படுகின்றன என்று வினவி, அந்நாட்டுச் சிஸ்தர்சியன் மடத்தலைவர்களுக்கு மடல் எழுதி அவற்றைத் தருவித்த செய்தியை மேத்யூ பாரிஸ் என்னும் துறவி குறித்துவைத்தார். அத்துறவியின் எழுத்தில் சற்றுக் கேலியும் கலந்திருக்கிறது. 1295இல் எடுக்கப்பட்ட திருத்தந்தையின் கருவூலப் பட்டியலில் இத்தகைய ஆங்கிலப் பூவேலைப்பாடுகள் நூற்றுக்கு மேல் இடம்பெற்றன.

அக்காலத்துத் திருவுடை ஒன்று ‘சையன் நீள்போர்வை’ என்னும் பெயருடன் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏறத்தாழ 1310க்கும் 1320க்கும் இடையே தைக்கப்பட்டது அது. இங்கிலாந்தில் மடங்கள் மூடப்பட்ட காலத்தில் சையன் மடத்துச் சகோதரிகள் அதனையும் சுமந்துகொண்டு நாடு நாடாக அலைந்தனர்; தலைமுறைகள் பல கழிந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மீண்டும் இங்கிலாந்து வந்து சேர்ந்தது. பொன்னை உருக்கிப் பிழைத்திருக்கலாம். அவர்கள் துணியைக் காத்தார்கள்.

துணியிலிருந்து உருவங்கள் உண்மையில் எழுந்து நின்றது பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில், பொகீமியா முதலிய நடு ஐரோப்பிய நாடுகளில். அங்குத் திருப்பலி மேலுடையின் முதுகுப் பக்கத்தில் பெரிய சிலுவை ஒன்றைத் தைத்தனர். அதில் தொங்கும் இயேசுவின் உடல் பஞ்சும் துணியும் பொதிந்து, விலா எலும்புகள் தெரியுமாறு புடைப்பாக அமைந்தது. ஏன் முதுகில்? அன்றைய வழிபாட்டு முறையே அதற்கு விடை. குரு பீடத்தை நோக்கி நின்று திருப்பலி நிறைவேற்றினார்; மக்கள் கண்டது அவருடைய முதுகைத்தான். மன்றாட்டின் மொழி இலத்தீன். எழுதப் படிக்கத் தெரிந்தோர் சிலர். மெழுகுதிரி ஒளியில் அசையும் அந்த முதுகில் மக்கள் மீட்பின் செய்தியைப் படித்தனர். தட்டையான படம் இருட்டில் மங்கிவிடும். புடைத்து நிற்கும் உருவமோ சிறு சுடரின் ஒளியிலும் நிழல் வீசித் தன்னைக் காட்டும். முப்பரிமாணப் பூவேலை ஒரு தேவைக்கு விடையாகவே பிறந்தது.

பதினேழாம் நூற்றாண்டில் இக்கலை இங்கிலாந்தின் இல்லங்களுக்குள் நுழைந்தது. ‘எழுப்பு வேலை’ என்று அதனை அழைத்தனர். சிறுமியர் தம் பேழைகளையும் கண்ணாடிச் சட்டங்களையும் அதனால் அணிசெய்தனர். எஸ்தர் அரசி, சூசன்னா, ஆபிரகாமின் பலி ஆகிய விவிலியக் காட்சிகளே அவர்கள் பெரிதும் விரும்பியவை. மார்த்தா எட்லின் என்னும் சிறுமி 1671இல், தன் பதினோராம் வயதில் முடித்த பூவேலைப் பேழை இன்றும் அதே இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆனால் வீட்டுக்குள் நுழைந்த கலை வீட்டுக்குள்ளேயே அடைபட்டது. பெண்பிள்ளைகளின் பொறுமைக்கும் அடக்கத்திற்கும் பயிற்சியாக அது மாறிற்று. ஓவியரும் சிற்பியரும் கழகங்கள் அமைத்து உயர்ந்தபோது ஊசி பிடித்தோர் அக்கழகங்களுக்கு வெளியே நின்றனர். கலை, கைத்தொழில் என்னும் பிரிவு உறுதிப்பட்ட காலம் அது.

ஆக்ராவின் நல்லாயன்

நம் நாட்டிற்கு வருவோம். பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் வங்காளத்துச் சத்காவோன் பகுதியின் கைவினைஞர்கள் போர்த்துக்கீசியருக்காகப் பெரிய மெத்தை விரிப்புகளைத் தைத்தனர். வெண் பருத்தித் துணியில் மஞ்சள் டஸ்ஸர் பட்டு நூலால் சாலமோனின் தீர்ப்பும் யூதித்தின் வீரமும் அவற்றில் எழுந்தன. விவிலியத்தைப் படித்திராத கைகள் விவிலியத்தைத் தைத்த வரலாறு நம் நாட்டில் அன்றே தொடங்கிவிட்டது.

மொகலாயர் அவைகளில் செழித்த ஜர்தோசி என்னும் பொன்னிழை வேலை இன்னொரு மரபு. பாரசீக மொழியில் ‘ஜர்’ என்றால் பொன்; ‘தோசி’ என்றால் தையல். திரைகளும் கூடாரங்களும் யானை குதிரைகளின் அணிகளும் இதனால் மின்னின. அரசுகள் வீழ்ந்தபின் தொழில் சந்துகளுக்குள் ஒதுங்கியது. தந்தையிடம் மகன் கற்றான். ஆனால் தந்தையின் பெயரும் மகனின் பெயரும் வாங்குவோர் எவருக்கும் தெரியவில்லை.

அப்படிப்பட்ட குடும்பம் ஒன்றில் தோன்றி, ஆக்ரா நகரில் வாழ்ந்தவர் ஷேக் ஷம்சுத்தீன். ஷம்ஸ் என்னும் சுருக்கப் பெயராலேயே அறியப்பட்டவர். பருத்தி நூலை அடுக்கடுக்காகத் தைத்து எழுப்பி, அதன்மேல் நுண்ணிய வண்ண வேறுபாடுகளுடன் பட்டு நூலை வேய்ந்து, இருபதாம் நூற்றாண்டில் முப்பரிமாணப் பூவேலையைத் தனிக் கலையாகவே நிறுத்தினார். சில படைப்புகளில் மணிக்கற்களையும் பதித்தார். விலங்கின் உரோமமும் மலரின் இதழும் அவர் கையில் தொட்டுப் பார்க்கத் தூண்டும் மென்மை பெற்றன. நடுவண் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்துச் சிறப்பித்தது. அவருடைய படைப்புகளை ஆக்ராவின் மணிக்கல் வணிகக் குடும்பம் ஒன்று ஆதரித்துத் தம் கூடத்தில் பேணியது.

அவற்றுள் தலைசிறந்தது ‘நல்லாயன்’. ஆடுகள் சூழ நிற்கும் இயேசுவின் உருவம். பதினெட்டு ஆண்டுகள் அதற்காக உழைத்தார் என்பர். அவ்வுழைப்பிற்கு அவர் கொடுத்த விலை அவருடைய கண்ணொளி என்றும் கூறுவர். நுண்ணிய ஊசி வேலை கண்ணை வருத்தும் என்பதை ஜர்தோசித் தெருக்களில் வாழ்வோர் அனைவரும் அறிவர். இளமையில் சட்டத்தின் முன் அமர்ந்தோர் பலர் நடுவயதிலேயே பார்வை மங்கித் தொழிலை விடுகின்றனர். ஷம்ஸ் அதனை அறியாதவர் அல்லர். அறிந்தும் அமர்ந்திருந்தார்.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். அவர் இசுலாமியர். நம் திருமுழுக்கும் அவருக்கு இல்லை. நம் பீடமும் அவருக்கு இல்லை. எந்த மறைமாவட்டமும் எந்தத் துறவற இல்லமும் அவரிடம் அப்படத்தைக் கேட்டதாக வரலாறு இல்லை. ஆயினும் யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் தம்மைத் தாமே வெளிப்படுத்தும் ஆயரை, ஆட்டின் உரோமத்தை இழை இழையாகத் தொட்டு அறிந்த ஒருவர் உருவாக்கினார். ஆயர் தம் ஆடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று அந்த நற்செய்தி கற்பிக்கிறது. ஓர் ஆட்டின் உரோமத்தை மட்டும் பல்லாயிரம் தடவை ஊசியால் தொட்ட மனிதருக்கு அந்த ஒவ்வொன்றின் பொருள் நம் மறையுரைகளை விட நன்றாகவே விளங்கியிருக்கக்கூடும்.

தமிழ் மண்ணில்

தமிழகத்திலும் நூல் துணியை விட்டு எழுந்திருக்கிறது. தேர்த் திருவிழாக்களில் தொங்கும் தொம்பைகளைக் காணாதவர் யார்? வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டித் தைத்து, குழல் வடிவில் உருட்டித் தொங்கவிடும் இக்கலைக்குத் தஞ்சை பெயர் பெற்றது. கோயில் தேரிலும் ஆடும்; நம் புனிதர்களின் தேரிலும் ஆடும். நீலமலைத் தோடர்களின் ‘புகூர்’ பூவேலை மற்றொன்று. கறுப்பும் சிவப்புமான கம்பளி நூல், இழைகளை எண்ணி எண்ணித் தைக்கப்பெற்று, தடித்த வெண்துணியில் மேடுகட்டி நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே வடிவம் புலப்படும். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

ஊசியும் நூலும் பெண்களுக்கு வாழ்வு தந்த வரலாறு நாஞ்சில் நாட்டில் தெளிவாகத் தெரிகிறது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த இலண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட் என்பவரின் துணைவியார் மார்த்தா, அங்கிருந்த பெண்களுக்குச் சரிகைப் பின்னல் எனப்படும் லேஸ் வேலையைக் கற்றுக்கொடுத்தார். அடிமைப்பட்டிருந்த குடும்பங்களின் பெண்கள் சிலர் அந்த வருவாயால் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கினர். 1897இல் பெல்ஜியம் நாட்டிலிருந்து அன்னை மரிய லூயிசா தெ மேஸ்டர் முளகுமூட்டிற்கு வந்தார். ஆதரவற்ற சிறுமியரும் கைம்பெண்களும் அவருடைய இல்லத்தில் பின்னலும் பூவேலையும் கற்றனர். பீட விரிப்புகளும் திருவுடைகளும் அங்கிருந்து சென்றன. அவற்றை அணிந்த குருக்களின் பெயர்கள் பங்குப் பதிவேடுகளில் உள்ளன. தைத்த சிறுமியரின் பெயர்களை எங்குத் தேடுவது?

அண்மைக் கால எடுத்துக்காட்டு உதகமண்டலத்தில் உண்டு. படகு இல்லத்தின் எதிரே அமைக்கப்பட்ட நூல் பூங்காவைச் சுற்றுலா சென்ற வாசகர் பலர் கண்டிருப்பர். கேரளத்தைச் சேர்ந்த ஆன்றணி ஜோசப் வகுத்த முறைப்படி ஐம்பது பெண்கள் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து அதனை உருவாக்கினர். ஊசியும் இல்லை, இயந்திரமும் இல்லை. கையால் நூலைச் சுற்றிச் சுற்றியே இலையும் இதழும் காம்பும் புல்லும் செய்தனர். ஆறு கோடி மீட்டர் நூல் செலவாயிற்று என்பர். உள்ளே செல்பவர் முதலில் ‘இவை உண்மைச் செடிகள்’ என்று எண்ணுவர். பின்னர் நூல் என்று அறிந்து வியப்பர். எண்களைக் கேட்டு மேலும் வியப்பர். வெளியே வரும்போது நினைவில் நிற்பவை அந்த எண்களே. பன்னிரண்டு ஆண்டுகள் என்பது ஒரு பெண்ணின் இளமை முழுவதும் அல்லவா? ஐம்பது இளமைகள் அங்கே பூத்து நிற்கின்றன.

சென்னையிலும் ஒரு முயற்சி நடந்தது. பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற பூவேலைக் குடும்பத்தில் பிறந்த ழான்-பிரான்சுவா லெசாழ் 1993இல் ‘வஸ்திரகலா’ என்னும் பட்டறையைத் தம் நண்பர்களுடன் அங்குத் தொடங்கினார். நம் மண்ணின் ஆரி ஊசிக்காரர்கள் பிரான்சு நாட்டு அரண்மனைகளுக்கும் மாளிகைகளுக்கும் உரிய நுண்வேலைகளைச் செய்தனர். கைத்திறனில் நாம் எந்த நாட்டினருக்கும் தாழ்ந்தவர் அல்லர் என்பதற்கு இது சான்று.

கலையா, கைத்தொழிலா?

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலை நாடுகளில் நிலைமை மாறலாயிற்று. 1962இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் திரைச்சீலைக் கலைக்கான அனைத்துலகக் கண்காட்சி தொடங்கியது. போலந்து நாட்டின் மக்தலேனா அபகானோவிச் அங்கே கலந்துகொண்டார். அடுத்த ஆண்டுகளில் அவர் நெய்த உருவங்கள் சுவரை விட்டு இறங்கி, அறையின் நடுவே ஆளுயரத்திற்கு மேல் தொங்கின. 1965இல் பிரேசிலின் சாவோ பாவுலோ கண்காட்சி அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. நம் நாட்டின் மிருணாளினி முகர்ஜி (1949–2015) சணல் கயிற்றைச் சாயமிட்டு, முடிச்சு முடிச்சாகக் கட்டித் தெய்வ உருவங்கள் போன்ற பெருஞ்சிற்பங்களை எழுப்பினார். 2019இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாள் பணியைக் காட்சிப்படுத்தியது.

ஷம்சின் நல்லாயனும் உதகையின் பூங்காவும் இவற்றுடன் ஒரே வரிசையில் வைக்கத்தக்கவையா? நேர்மையாகக் கேட்கவேண்டிய கேள்வி இது. உள்ளதை உள்ளவாறு நூலில் செய்துகாட்டுவது திறமை; அது மட்டுமே கலையாகிவிடாது என்று திறனாய்வாளர் கூறுவர். அக்கூற்றில் உண்மை இருக்கிறது. உழைத்த ஆண்டுகளின் எண்ணிக்கையும் செலவான நூலின் நீளமும் கலையின் அளவுகோல்கள் ஆகா. பார்ப்பவருக்குப் புதியதொரு பார்வையைத் தருவதே கலை. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டின் 124ஆம் எண்ணில் இதை ஒத்த எண்ணத்தைத் தருகிறது: வெறும் ஆடம்பரத்தைத் தேடாமல் மாண்புள்ள அழகைத் தேட வேண்டும், திருவுடைகளுக்கும் இது பொருந்தும் என்கிறது. ஆகவே விலையுயர்ந்தது என்பதனாலேயே ஒரு பூவேலை வழிபாட்டிற்கு ஏற்றதாகிவிடாது.

ஆனால் அத்திறனாய்வாளரிடம் நாமும் ஒன்று கேட்கலாம். பளிங்கில் ஆடையின் மடிப்பை உள்ளவாறு செதுக்கிய சிற்பியைக் கைத்தொழிலாளி என்று எவரும் ஒதுக்கவில்லை. நூலில் அதையே செய்தவரை மட்டும் ஏன் ஒதுக்குகிறோம்? பொருள் எளியது என்பதாலா? செய்தவர் ஏழை என்பதாலா? பெண் என்பதாலா? ஓவியத்தின் கீழ் ஓவியர் பெயரை எழுதும் நாம் பூவேலையின் கீழ் எழுதாததற்கு அழகியல் காரணம் ஏதுமில்லை. சமூகக் காரணமே உண்டு. அபகானோவிச்சின் நூலும் முளகுமூட்டுச் சிறுமியின் நூலும் ஒரே பருத்திதான், ஒரே கம்பளிதான். ஒன்றின் அருகில் பெயர்ப்பலகை இருக்கிறது. மற்றதன் அருகில் இல்லை.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1964 மே 7 அன்று சிஸ்டைன் சிற்றாலயத்தில் கலைஞர்களைக் கூட்டி, திருஅவை அவர்களுக்குப் பல சுமைகளை ஏற்றிவிட்டது என்று கூறி மன்னிப்பு வேண்டினார். அன்று அங்கே ஓவியரும் இசைவாணரும் எழுத்தாளரும் நடிகரும் இருந்தனர். அந்த மன்னிப்பு வேண்டல் ஊசி பிடித்தவர்களையும் எட்டவேண்டும் என்பதே நம் எண்ணம். ஏழு நூற்றாண்டுகளாக அவர்கள் தைத்ததை நாம் அணிந்தோம். துணி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மன்னர் மூன்றாம் ஹென்றியின் கணக்கேடுகளால் பெரி புனித எட்மண்ட் நகரத்து மேபல் போன்ற ஓரிரு பெண்களின் பெயர்கள் தப்பின. அரசன் பணம் கொடுத்ததை எழுதிவைத்ததால் தப்பின. நம்முடைய ஏடுகளால் தப்பியவை எத்தனை?

நம் பகுதியின் விரல்கள்

இவ்வளவும் நமக்கு எதற்கு என்று ஆலங்குளத்திலும் சாத்தூரிலும் சிவகாசியிலும் வாழும் வாசகர் கேட்கலாம். காரணம் உண்டு. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் நிறுவிய நாள்முதல், இப்பகுதிப் பெண்களின் விரல்கள் ஓய்ந்ததில்லை. தீக்குச்சியைச் சட்டத்தில் அடுக்கினர், பெட்டி ஒட்டினர், வெடிக்குத் திரி வைத்தனர், நூறும் ஆயிரமுமாக வெடிகளைச் சேர்த்துச் சரம் பின்னினர். சரம் பின்னும் பெண்ணின் கைவேகத்தைக் கண்டவர் அறிவர்: விரல் எண்ணுகிறது, கண் வேறெங்கோ இருக்கிறது, திரிகள் ஒரே அளவில் ஒன்றையொன்று தழுவிச் செல்கின்றன. அது உயர்ந்த பின்னற்கலை. அதனைக் கலை என்று எவரும் அழைத்ததில்லை. எரிந்து தீர்வதற்கென்றே பின்னப்பட்ட கலை அது.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிகளைத் தடைசெய்தது. பேரியம் உப்புகளின் பயன்பாட்டையும் தடைசெய்தது. காற்றைக் காக்கும் நோக்கம் நல்லது. ஆனால் சரம் பின்னியே பிழைத்த கைகள் அன்று வேலையின்றி நின்றன. அவர்களுள் பலர் முன்னரே மற்றோர் அச்சத்துடன் வாழ்ந்தவர்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த விபத்தை இப்பகுதி மறக்கவில்லை. அதன் பின்னரும் ஆண்டுதோறும் வெடி ஓசை கேட்டு ஓடிய தெருக்கள் உண்டு.

இன்று நம் ஊர்களில் ஆரி வேலை பரவியிருக்கிறது. மணப்பெண்ணின் இரவிக்கையில் மயிலும் யானையும் புடைத்து எழுகின்றன. சட்டத்தின் முன் அமர்ந்து தைக்கும் இளம்பெண்கள் தம்மை அறியாமலே ஷம்சின் வழியில் வந்தவர்கள். உள்ளே நூலை அடுக்கி மேலே பட்டை வேயும் அதே முறை அது. ஆனால் அவர்கள் பெறும் கூலியோ கடைக்காரர் சொல்லும் கூலி. ஓர் இரவிக்கைக்கு எத்தனை நாள், எத்தனை இரவு என்பதை அணிபவர் கேட்பதில்லை. விளக்கொளி போதாத அறையில் இருபது வயதில் தொடங்கினால் நாற்பதில் கண் என்னாகும் என்பதையும் எவரும் கேட்பதில்லை. ஷம்சின் கண்ணொளி ஒரு மாபெரும் படைப்பாக மாறியதை வியக்கும் நாம், பெயரில்லாத நூறு பெண்களின் கண்ணொளி திருமண மண்டபத்தின் ஒரு மாலைப்பொழுதில் கரைந்துபோவதைக் கண்டும் வாளாவிருத்தல் தகுமா?

திருத்தூதர் பணிகள் நூலின் 9ஆம் அதிகாரத்தில் யோப்பா நகரத்துத் தபித்தாவைக் காண்கிறோம். அவர் இறந்தபோது கைம்பெண்கள் பேதுருவைச் சூழ்ந்துகொண்டு, அவர் உயிரோடிருந்தபோது தைத்துத் தந்த ஆடைகளைக் காட்டி அழுதனர். அவர்கள் சொற்பொழிவு ஆற்றவில்லை, துணியைக் காட்டினர். லூக்கா தையல்காரரின் பெயரை இரண்டு மொழிகளில் எழுதிவைத்தார்: தபித்தா என்றும் தொற்கா என்றும். தொடக்கத் திருஅவை ஊசி பிடித்த ஒரு பெண்ணை எவ்வளவு மதித்தது என்பதற்கு அந்த இரட்டைப் பெயரே சாட்சி.

நம் பங்குகள் செய்யக்கூடியவை சில உண்டு. நம் திருவுடைகளும் பதாகைகளும் பெரும்பாலும் நகரத்துக் கடைகளிலிருந்து இயந்திரப் பூவேலையுடன் வருகின்றன. ஆண்டிற்கு ஒரு திருவுடையையாவது, ஒரு திருநாள் பதாகையையாவது நம் பகுதிப் பெண்களிடமே செய்யக் கேட்கலாம். வேலை எடுக்கும் நாள்களைக் கணக்கிட்டு, நாளுக்கு உரிய நியாயமான கூலியைத் தரலாம். நல்ல வெளிச்சமுள்ள இடத்தைப் பங்கு மன்றத்திலேயே ஒதுக்கலாம். ஆண்டிற்கு ஒருமுறை கண் மருத்துவரை அழைத்துவரலாம். கடையில் அச்சிட்ட மாதிரியைத் தைக்கச் சொல்லாமல், நம் கரிசல் மண்ணின் பருத்திச் செண்டையும் பனையையும் வேம்பையும் அவர்களே வரையட்டும். நல்லாயனுக்கு நம் ஊர் ஆடுகளைக் கொடுக்கட்டும்.

முடிந்த திருவுடையின் உள்விளிம்பில் தைத்தவரின் பெயரையும் ஆண்டையும் இரண்டு வரியில் தைத்துவைக்கச் சொல்லுவோம். பங்கின் பதிவேட்டிலும் அதனை எழுதுவோம். அந்த உடையை அணியும் குரு ஒவ்வொரு திருப்பலியிலும் அப்பெயரைத் தம் நெஞ்சருகே தாங்கி நிற்பார். அந்தப் பெண் சாதியாலும் சமயத்தாலும் நம்மவராக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. நல்லாயனை நமக்குத் தைத்துத் தந்த ஆக்ராக்காரரை எண்ணிக்கொள்வோம்.